பாத்ரி கேட்டது

குதாயிசி பேருந்துப் பணிமனையில்
நேரக்காப்பாளர் அறைக் கணினி
மூன்று நாளாக ஒரே வாசகத்தைக் காட்டியது:
உரிமம் காலாவதி. புதுப்பிக்கவும்.
புதுப்பிக்க ஆகும் பணத்தில் இரண்டு டயர் வாங்கலாம்.
பணிமனை டயர் வாங்கியது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.
கணக்குப் பிரிவு சியூரி, கணினி கொஞ்சம் தெரியும்,
காசு கேட்கமாட்டாள்.

கட்டைவிரல் நீளக் குச்சி ஒன்றில்
முழு இயங்குதளமும் என் கோட்டுப் பையில் வந்தது.
செருகி அழுத்தினேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள்
பனி உருகும் மாதத்து ரியோனி ஆறாக
இறங்க ஆரம்பித்தன.
பாத்ரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.
"கெட்டுப்போச்சா?"
இல்லை. தன்னிடம் என்னென்ன இருக்கிறதென்று
வாய்விட்டு எண்ணிப் பார்க்கிறது.
பழையதும் எண்ணியது,
படத்தைக் காட்டி மறைத்துக்கொண்டு.

"எவ்வளவு?"
ஒன்றுமில்லை.
"முதலாளி யார்?"
கிடையாது.
"அப்போ கெட்டுப்போனா
யார் சட்டையைப் பிடிக்கிறது?"

முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்,
நடுரோட்டில் நின்றுபோவதைப் பற்றித் தெரிந்தவர்.
ஊர் கூடி இழுத்த தேர் என்று சொல்லப்போனேன்.
ஆனால் இதற்கு ஊர் கிடையாது.
இழுப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை,
ஒருவர் இழுக்கையில் இன்னொருவர் தூங்குகிறார்,
சக்கரம் எந்த வடிவம் என்பதில்
பாதிப்பேருக்குப் பத்து வருடத் தகராறு.
நகர்கிறது, அவ்வளவுதான் தெரியும் என்றேன்.
அவர் தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

மதியம் முதல் சீட்டு அச்சானது.
த்ஸ்கால்துபோ என்று வரவேண்டிய இடத்தில்
எட்டுக் காலிப் பெட்டிகள்.
"எட்டுப் பெட்டிக்கு ஒரு சீட்டு" என்று
வரிசையில் ஒரு பெண் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.
பாத்ரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

இரவு அந்த அச்சுப்பொறிக்கான நிரலைத் திறந்தேன்.
திறக்க முடிந்தது. பூட்டு என்று ஒன்றை
யாரும் வைத்திருக்கவில்லை.
தலைப்பில் ஒரு சொல்: அனாதை.
பார்த்துக்கொள்ள ஆளில்லாத பொதிகளை
அப்படித்தான் அழைக்கிறார்கள்.
கடைசிக் குறிப்பு ஆறு வருடப் பழசு,
அசுன்சியோனிலிருந்து ருதீலியோ:
"அரபு எழுத்து முடிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல்.
மற்றவை பிறகு."

பிறகு எதுவும் இல்லை.
அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகுமா?
வெகுநேரம் இதையே யோசித்தேன்,
நிரலைத் தொடவில்லை.

அப்புறம் எங்கள் முப்பத்துமூன்று எழுத்தையும்
அட்டவணையில் ஏற்றினேன்.
ஊர்ப்பெயர் ஒரு கெட்ட வார்த்தையாக அச்சானது.
மறுபடி ஏற்றினேன். வேறு கெட்ட வார்த்தை.
நூக் நகரத்தில் அப்போது மாலை.
பனிங்குவாக் என்ற ஒருத்தி என் வரிகளைப் படித்துவிட்டு
எழுதினாள்: நீ ஒன்றிலிருந்து எண்ணுகிறாய்,
இது பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும்.
அடுப்பில் மீன் இருக்கிறது, வருகிறேன்.

விடியும்போது எட்டு எழுத்தும்
தத்தம் இடத்தில் நின்றன.
பாத்ரி சீட்டைக் கிழித்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.
அன்று அவர் எங்கும் பயணம் போகவில்லை.

திருத்தத்தை அனுப்பும்போது
பொறுப்பாளர் என்ற கட்டம் காலியாக இருந்தது.
கொஞ்சநேரம் அதைப் பார்த்தேன்.
என் பெயரை எழுதினேன்.

நான்காம் நாள் உலான்பாத்தரிலிருந்து கடிதம்.
நாமூன் என்பவர், கோபமாக:
மேலிருந்து கீழே நிற்கவேண்டிய எங்கள் எழுத்து
உங்கள் அச்சில் படுத்துக்கிடக்கிறது,
இதற்கு யார் பொறுப்பு?

அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.
மாதக்கணக்கு முடிக்க இன்னும் இரண்டு நாள்.
"படம் அனுப்புங்கள்" என்று பதில் போட்டு
சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டேன்.